மணவிலக்கு: அதன் வரலாறும் காரணமும் விளைவும்

ஆணும் பெண்ணும் மனமொத்து ஓரில்லின்கண் இருந்து அறஞ்செய்தற்கு அமைந்த கூட்டுறவே இல்வாழ்க்கையாம். விருந்தினரைப் போற்றுதலும், துறவோர்க்குத் துணையாதலும், மக்களைப் பெற்று அறிவுடையராக வளர்த்தலும் அதன் பயன்களாகும். இத்துணைச் சிறப்புடைய கூட்டுறவு இடையே முறிந்துபோமாயின், அம்முறிவு கணவன் மனைவி என்னும் இருவரளவில் நில்லாது, மக்களையும் சுற்றத்தையும் ஊரையும் தொடர்ந்து வருத்துவதாகும். ஆதலின் மணவிலக்கு என்னும் பொருள் விருப்பு வெறுப்பின்றி ஆராயத்தக்கதொன்றாம்.

மணவிலக்கு மேனாட்டாரிடமிருந்து இந்நாட்டிற் புகுந்த புதுவழக்கென்றும், நம் முன்னோர் அதனைக் கனவிலும் கருதிலரென்றும் ஒருசாரார் கூறுப. பண்டை நூல்கள் எல்லாம் பெண்ணைப் பிணித்தற்கே எழுந்தனவென்றும், விடுதலை இக்காலத்துச் சட்டத்தால் மட்டுமே வந்ததென்றும் மற்றொருசாரார் கூறுப. இவ்விரு கூற்றும் வரலாற்றோடு முற்றும் பொருந்துவன அல்ல. உண்மை இவ்விரண்டிற்கும் இடைப்பட்டதென்பது பின்வருவனவற்றால் விளங்கும்.

தமிழ்நாட்டின் பழைய நிலையை முதற்கண் நோக்குவாம். காதலர் தாமே கூடும் களவொழுக்கத்தில் பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே, சான்றோர் திருமணச் சடங்கினை வகுத்தனர் என்பது தொல்காப்பியக் கற்பியலாற் பெறப்படுகின்றது. கூடியபின் கூடிற்றிலேன் என்று மறுப்பானும், மணந்தபின் கைவிடுவானும் உளனாதல் பற்றியே பலரறிய மணஞ்செய்யும் முறை வேண்டப்பட்டது. அஃதாவது, கைவிடப்படுதலினின்றும் பெண்ணைக் காத்தலே சடங்கு தோன்றியதற்குக் காரணமாயிற்று. இக்கருத்து ஈண்டு மறவாது உளங்கொள்ளத்தக்கது. பின்னர் வந்த சட்டங்களுக்கும் அதுவே உயிராவது காணப்படும்.

சடங்கு ஏற்பட்ட பின்னரும் கைவிடுதல் ஒழிந்திலது. மயிலுக்குப் போர்வை ஈந்த பெருவள்ளலாகிய பேகன், தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடத்து வாழ்ந்தான். அக்காலத்துப் புலவர்களாகிய கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வரும் அவள்பொருட்டு அவனை இரந்து பாடிய பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. பொன்னும் பொருளும் வேண்டாம், நீ நின் மனைவியிடம் செல்லுதலே நாங்கள் வேண்டும் பரிசில் என்பது அவற்றின் கருத்தாம். வள்ளன்மையில் தலைசிறந்தானொருவனாயினும், மனையாளைக் கைவிட்டமையைச் சான்றோர் பொறுத்திலர் என்பதும், பிரிந்தாரைச் சேர்த்துவைத்தல் புலவர்தம் கடனாகக் கருதப்பட்டதென்பதும் இதனால் அறியப்படும். ஆயினும், அவன் இணங்கானாயின் அவள் பெறுதற்குரிய தீர்வு யாதென்பதற்கு அப்பாடல்களில் விடையில்லை. அவளுக்கு அழுகையல்லது வேறு வழி கூறப்பட்டிலது.

இனி, வடமொழித் தருமநூல்கள் இதுபற்றி ஒருபடித்தாகக் கூறவில்லை. விற்றலானாதல் நீக்கலானாதல் மனைவி கணவனிடத்தினின்றும் விடுபடாள் என்று மனுநூல் கூறும். அந்நூலே, மகப்பேறில்லாதவளை எட்டாம் ஆண்டிலும், பிள்ளைகள் இறந்தொழியப் பெற்றவளைப் பத்தாம் ஆண்டிலும், பெண்மக்களையே ஈன்றவளைப் பதினோராம் ஆண்டிலும், கடுஞ்சொற் கூறுவாளை உடனேயும் விடுத்து வேறொருத்தியைக் கணவன் மணந்துகொள்ளலாம் என்றும் விதிக்கின்றது. நாரதரும் பராசரரும் பெண்ணின் நிலையை நோக்கி, கணவன் காணாமற்போதல், இறத்தல், துறவு பூணுதல், பேடியாதல், குலவொழுக்கத்தினின்றும் வீழ்தல் என்னும் ஐவகை இடர்களில் அவள் வேறு கணவனைக் கொள்ளலாம் என்றனர். பிற்காலத்து உரையாசிரியர் சிலர் இவ்விதி முன்னை யுகங்களுக்கு உரியதென்றும், கலியுகத்திற்கு ஆகாதென்றும் கூறி அதனை விலக்கினர்.

கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரம் இன்னும் ஒருபடி சென்றது. இருவருள் ஒருவர் மட்டும் வெறுப்பாராயின் மற்றவர் இசைவின்றி விடுதலையில்லை என்றும், இருவரும் ஒருவரையொருவர் வெறுப்பாராயின் விடுதலை உண்டென்றும் அந்நூல் விதிக்கும். எனினும், பிரமம் முதலாகிய அறமணங்கள் நான்கிலும் இவ்விடுதலை இல்லையென்று வரைந்துகொண்டது. நெடுங்காலம் மறைந்துகிடந்த அந்நூலின் ஏட்டினைத் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதரொருவர் மைசூர் அரசாங்க நூல்நிலையத்திற்கு அளிக்க, சாமசாஸ்திரியார் 1909-இல் அச்சிட்டு வெளியிட்டனர். இருவரும் இசைந்து நீங்குதல் என்பது நம் நாட்டார்க்கு அறவே தெரியாத கருத்தென்று சொல்லுதற்கு அதன்பின் இடமில்லையாயிற்று.

நூல்வழக்கு இங்ஙனமாக, உலகவழக்கு வேறாயிருந்தது. தமிழ்நாட்டில் பற்பல குலத்தாரிடையே ஊரார் கூடிய அவையில் கணவன் மனைவியர் தீர்ந்துகொள்ளும் வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. துரும்பு கிள்ளிப் போடுதல் என்னும் தொடர், உறவு முறிந்ததென்பதற்கு அடையாளமாகப் பலர்முன் செய்யப்பட்ட செயலினின்றும் எழுந்தது. முன்னைத் தாலியைக் களைந்து வேறொருவன்கைத் தாலி பெறுதலை அறுத்துக்கட்டுதல் என்றனர். பரிசப்பணத்தைத் திருப்பித் தருதல், பிள்ளைகள் யாரிடம் வளர்வதென்று தீர்மானித்தல் முதலியனவும் அவ்வவையிலேயே முடிவுசெய்யப்பட்டன. இவ்வழக்கமுடையாரைத் தாழ்ந்தோரென்றும், இஃதில்லாதாரை உயர்ந்தோரென்றும் சொல்லும் மனப்பான்மை பின்னர் வளர்ந்தது. உயர்வு வேண்டினார் தம் வழக்கத்தைக் கைவிட்டனர். அதனால் பெண்டிர்க்கிருந்த ஒருவழியும் சில இடங்களில் அடைபட்டது.

ஈண்டு நடுநிலையோடு நோக்கவேண்டுவதொன்றுண்டு. மணப்பிணிப்பு முறியாதது என்னும் கொள்கை இருவர்க்கும் ஒப்ப நடந்ததா என்பதே அது. ஆடவன் ஒருத்தியிருக்க வேறொருத்தியை மணத்தற்குத் தடையில்லை. ஆதலின் அவனுக்கு மணவிலக்கு வேண்டப்பட்டதே இல்லை. மனைவியைத் தந்தைவீட்டில் விடுத்து வாளாவிருத்தலே போதியதாயிற்று. முறியாமை என்பது உண்மையில் பெண்ணொருத்தியையே கட்டிற்று.

சைவ அன்பர்கள் நன்கறிந்த பெரியபுராணத்துள் இதற்குச் சான்று காணலாம். காரைக்காலம்மையாரின் கணவனாகிய பரமதத்தன், அம்மையாரைத் தெய்வமென்று அஞ்சி, வாணிகத்தின்பொருட்டுக் கடல்கடந்து சென்று, மீண்டு பாண்டிநாட்டுப் பட்டினமொன்றில் தங்கி, வேறொருத்தியை மணந்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்று பெயருமிட்டு வாழ்ந்தான். சுற்றத்தார் அம்மையாரைச் சிவிகையில் ஏற்றி ஆங்குக் கொண்டுசென்ற பின்னரே செய்தி முற்றும் வெளியாயிற்று. அவன் தீயனல்லன், அடிவீழ்ந்து வணங்கினான். ஆயினும், அதுகாறும் அம்மையார் கணவனுடையாரோ இல்லாரோ என்று உலகோர் துணிதற்கரிய நிலையில் இருந்தமை உலகியல் நோக்கிற் காணத்தக்கது. அம்மையார் பேய்வடிவம் வேண்டிப் பெற்ற பெருநெறி ஏனையோர்க்கு எய்தற்கரியது. அந்நிலையிற்பட்ட ஏனைப் பெண்டிர்க்கு உலகம் செய்யக்கடவது யாதென்னும் வினா எஞ்சியே நிற்கின்றது.

திருநீலகண்டக் குயவனார் வரலாறு மற்றொரு பக்கத்தைக் காட்டும். கணவர் பரத்தையிடம் சென்று மீண்டாராக, மனைவியார் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது என்றனர். இருவரும் ஓரில்லிலேயே இருந்து, முதுமை வருமளவும் அவ்வாணையைக் காத்து, அயலறியாமல் வாழ்ந்தனர். பிழைசெய்த கணவனைத் தீண்டாது விலக்கும் உரிமை மனைவிக்கு உண்டென்பதும், அதனைக் கணவன் மதித்து நிற்றல் அறமென்பதும் இவ்வரலாற்றால் தெளிவாம். இறைவன் சிவயோகியாராய் எழுந்தருளி அவ்விருவரையும் ஒருங்கே குளத்தில் மூழ்குவித்தமை, பொறுத்தலும் கூடுதலும் வலிந்து செய்யப்படுவன அல்ல, அருளால் விளைவன என்பதைக் காட்டும்.

ஆங்கிலேயராட்சியில் நிலைமை மாறத்தொடங்கிற்று. கிறிஸ்தவ சமயம் புகுந்தாரின் மணத்தைத் தீர்த்தற்கு 1866-இலும், கிறிஸ்தவர்களின் மணவிலக்கிற்கு 1869-இலும் சட்டங்கள் பிறந்தன. இந்துக்களின் மணத்தை மட்டும் அரசாங்கத்தார் தொட்டிலர். அதே காலத்தில், பிரிந்திருக்கும் மனைவியைக் கணவனிடம் மீட்டுத்தரும் வழக்கு என்னும் ஆங்கிலத் திருச்சபை முறையை இந்துக்களுக்கும் நீதிமன்றங்கள் செலுத்தின. நம் நூல்களில் இல்லாததோர் இறுக்கம் இங்ஙனம் வெளியிலிருந்தே வந்தது.

இதன் கொடுமையை உலகறியச் செய்தது பம்பாயில் நடந்த ருக்மாபாய் வழக்காகும். பதினொரு வயதளவில் மணஞ்செய்விக்கப்பட்ட அவர், வளர்ந்தபின் கணவன் வீடு செல்ல மறுத்தார். கணவர் 1884-இல் வழக்குத் தொடுத்தார். 1885-இல் நீதிபதி பின்ஹே வழக்கைத் தள்ளினார்; மேல்முறையீட்டில் அது மீண்டும் உயிர்பெற்றது. 1887-இல், ஒரு திங்களுக்குள் கணவனிடம் செல்க, இன்றேல் ஆறு திங்கள் சிறை என்று நீதிபதி பாரன் தீர்ப்பளித்தார். சிறையே ஏற்பேன் என்றார் ருக்மாபாய். 1888-இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு கணவர் வழக்கை விடுத்தார். பின் ருக்மாபாய் இங்கிலாந்து சென்று மருத்துவம் பயின்று, மீண்டுவந்து சூரத்து, இராஜகோட்டை முதலிய இடங்களில் பெண்டிர்க்கு நெடுங்காலம் மருத்துவத் தொண்டு புரிந்தார். மனம் இசையாத உறவைச் சிறையால் உண்டாக்க முடியாதென்பதை இவ்வழக்கு நாட்டோர் நெஞ்சிற் பதித்தது.

இருபதாம் நூற்றாண்டில் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. பரோடா சமத்தானத்தில் 1931-இல் இந்து மணவிலக்குச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்தைச் சார்ந்த மலையாளப் பகுதியில் மருமக்கட்டாயத்தார்க்கு 1932-ஆம் ஆண்டுச் சட்டம் மணத்தையும் மணவிலக்கையும் ஒருங்கே வரையறுத்தது. 1946-இல், கணவன் மறுமணம் செய்துகொள்ளுதல் முதலிய காரணங்களால் மனைவி தனித்திருந்து ஜீவனாம்சம் பெறும் உரிமை இந்தியா முழுதும் சட்டமாயிற்று. 1947-இல் பம்பாயிலும், 1949-இல் சென்னையிலும் இந்துக்களுக்கு மணவிலக்குச் சட்டங்கள் ஏற்பட்டன.

சென்னைச் சட்டத்தின் பெயரே அதன் கருத்தை விளக்கும். இருமணத் தடையும் மணவிலக்கும் அதன்கண் ஒருங்கு வைக்கப்பட்டன. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் நெறியைச் சட்டமாக்கியபின், பொருந்தாத மணத்தினின்றும் நீங்குதற்கு முறையானதொரு வாயிலும் வேண்டப்படும். அவ்வாயில் அடைபடின் தடை மறைவொழுக்கத்தையே வளர்க்கும். மறுதலையாக, இருமணத் தடையின்றி மணவிலக்கு மட்டும் தரப்படின் அது ஆடவனுக்கே மேலும் ஒரு கருவியாகும். ஆதலின் இரண்டையும் பிணைத்தது பொருத்தமேயாம். சமயவுரிமையை இச்சட்டங்கள் அழிக்கின்றனவென்று தொடுக்கப்பட்ட வழக்குகளில், பம்பாய் உயர்நீதிமன்றமும் சென்னை உயர்நீதிமன்றமும் சட்டங்கள் செல்லும் என்றே தீர்ப்பளித்தன.

இந்தியா முழுமைக்கும் ஒரே இந்துச் சட்டம் செய்தற்கு 1941-இல் பி. என். ராவ் அவர்கள் தலைமையில் ஒரு குழு அமைந்தது; 1944-இல் அது மீண்டும் அமைக்கப்பெற்று நாடெங்கும் சென்று கருத்துக் கேட்டது. டாக்டர் அம்பேத்கர் சட்ட அமைச்சராயிருந்து அம்மசோதாவை நடத்தினார். அது நிறைவேறாது நின்றமை, 1951-இல் அவர் பதவி துறந்ததற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. பின்னர் அம்மசோதா பலவாகப் பகுக்கப்பட்டு, 1955-இல் இந்துத் திருமணச் சட்டம் நிறைவேறியது.

அச்சட்டம் கூறிய காரணங்களை நாரதர் கூறிய ஐவகை இடர்களோடு ஒப்பிடுவார்க்கு வியப்புத் தோன்றும். ஏழாண்டுகள் உயிரோடிருத்தல் கேட்கப்படாமை, உலகைத் துறந்து துறவறம் புகுதல், சமயம் மாறுதல் என்பன சட்டத்தில் மணவிலக்கிற்குக் காரணங்கள். ஆண்மையின்மை மணத்தையே செல்லாததாக்குதற்குக் காரணம். இவை காணாமற்போதல், துறவு, வீழ்தல், பேடியாதல் என்பனவற்றோடு ஒத்துநிற்றல் வெளிப்படை. உரையாசிரியர் கலியுகத்திற்கு ஆகாதென்று மூடிய வாயிலே சட்டத்தால் மீண்டும் திறக்கப்பட்டதெனின் மிகையாகாது. துறவு புகுவானொருவன் மனைவியை நட்டாற்றில் விடுதல் கூடாதென்னும் கருத்து அன்றும் இன்றும் ஒன்றேயாம். குலவழக்கத்தால் நிகழும் மணவிலக்கையும் அச்சட்டம் அழியாது காத்தது.

1976-இல் கொடுமையும், ஈராண்டு கைவிடுதலும் மணவிலக்கிற்குக் காரணங்களாக்கப்பட்டன. ஓராண்டு பிரிந்துவாழ்ந்தோர் இருவரும் இசைந்து நீங்கும் முறையும் ஏற்பட்டது. கௌடிலியர் அறமணங்களுக்கு மறுத்தது இவ்வாறு எல்லார்க்கும் பொதுவாயிற்று. 1984-இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் வந்தது. தொழுநோய் தீரும் நோயே என்பது தெளிந்தபின், அதனைக் காரணமாகக் கூறிய பகுதி 2019-இல் நீக்கப்பட்டது. மீண்டும் ஒன்றுபடவியலாதவாறு சிதைந்த மணத்தைத் தன் தனியதிகாரத்தால் தீர்க்கலாமென்று உச்சநீதிமன்றம் 2023-இல் தெளிவுறுத்தியது.

இனிக் காரணங்களை ஆராய்வாம். பரத்தைமை, கள்ளுண்டல், சூது, கொடுமை என்பன எக்காலத்தும் உள்ளன. வரதட்சிணை பிற்காலத்து மிக்கதொன்று. 1961-இல் தடுக்கப்பட்டும் அஃது ஒழிந்திலது. முன்னாளில் கூட்டுக்குடும்பத்து மூத்தோர் இளையோரின் பிணக்கைத் தீர்த்தனர். அவருள்ளேயே சிலர் பிணக்கிற்குக் காரணமாதலும் உண்டு. பெண்டிர் கல்வியும் ஊதியமும் பெற்றமையால் மணவிலக்குப் பெருகிற்றென்பாருமுளர். கல்வி பிணக்கை உண்டாக்கவில்லை. முன்பு வாய்திறவாது பொறுக்கப்பட்ட பிணக்கை வெளியிடும் ஆற்றலை அளித்தது என்பதே பொருத்தமாம். மருந்துண்டபின் நோய் வெளித்தோன்றின், மருந்தே நோயைத் தந்ததென்னல் அறிவுடைமையாகாது.

விளைவுகளை நோக்குவார்க்கு 2011-ஆம் ஆண்டு மக்கட்டொகைக் கணக்கு ஓருண்மையைப் புலப்படுத்தும். இந்தியாவில் மணவிலக்குப் பெற்றோர் ஏறத்தாழ பதின்மூன்றரை லட்சம் பேர். சட்டப்படி விலக்குப் பெறாது பிரிந்து வாழ்வோரோ ஏறத்தாழ முப்பத்தைந்து லட்சம் பேர். இருவகையிலும் பெண்டிர் தொகை ஆடவர் தொகையினும் ஏறக்குறைய இருமடங்காகும். ஆடவர் மறுமணம் எளிதிற் செய்துகொள்ள, பெண்டிர் தனித்தே நிற்கின்றமை இவ்வேற்றுமைக்கு ஒரு காரணம். சட்டம் வந்து அரைநூற்றாண்டிற்கு மேலாகியும், பேகன் மனைவியைப்போல் விலக்கும் கூட்டமும் இன்றி நிற்பார் தொகையே மிகுதியென்பது இதனாற் பெறப்படும். அஞ்சத்தக்கது மணவிலக்கு மட்டுமன்று. பெயரில்லாத கைவிடுதலே அதனினும் அஞ்சத்தக்கது. விலக்குப் பெற்றாள் ஜீவனாம்சம் கேட்கலாம், மறுமணம் செய்யலாம், தன் நிலை இன்னதென்று உலகோர்க்குச் சொல்லலாம். கைவிடப்பட்டாள் வழக்குத் தொடுக்கும் வன்மையில்லாதவழி இவற்றுள் ஒன்றும் பெறாள்.

மக்கள் படும் துன்பம் தனியே கருதத்தக்கது. தாயும் தந்தையும் வழக்காடுங்கால் பிள்ளை இருவர்க்கும் இடையே இழுக்கப்படும் கயிறாகின்றது. பிள்ளையின் நலமே தலையாயதென்று 1956-ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டம் கூறுகின்றது. ஆயினும் நலமின்னதென்று துணிதற்குள் ஆண்டுகள் கழிகின்றன. பிள்ளையின்பொருட்டு நாடோறும் அடியும் வசையும் நிறைந்த வீட்டில் ஒருங்கிருத்தல் வேண்டுமென்பதும் பொருந்தாது. அங்ஙனம் வளரும் பிள்ளை அவ்வொழுக்கத்தையே கற்கும். சிறு பிணக்கிற்கெல்லாம் நீதிமன்றம் புகுதலும், பெருந்துயரை மானமென்று மூடிவைத்தலும் ஆகிய இரண்டுமே பிள்ளைகளுக்குத் தீங்காம்.

அற்றேல் செய்யத்தக்கது யாதோவெனின், பிரிவு நேருமுன் சந்து செய்தல் சுற்றத்தார்க்கும் சான்றோர்க்கும் முதற்கடனாம். குடும்ப நீதிமன்றச் சட்டமும் தீர்ப்பிற்கு முன்னர் இணக்கத்திற்கு முயலுமாறு பணிக்கின்றது. புலவர் நால்வர் பேகனிடம் செய்தது அதுவே. நம்பியாரூரர்பொருட்டுத் திருவாரூர்த் தெருவில் இரவில் நடந்து பரவையாரிடம் தூதுசென்ற இறைவன் காட்டியதும் அதுவே. அத்தூதிலும் பரவையார் முதலில் மறுத்தார். இறைவனும் வலிந்து இணக்கினானல்லன். மீண்டும் வந்து வேண்டினான். சந்து செய்வார் மறுப்பைப் பொறுத்தல் வேண்டும் என்பதும், பிழைசெய்தானுக்கே பரிந்து துன்புற்றாளை அடக்குதல் சந்து ஆகாதென்பதும் இதனால் அறியற்பாலன.

சந்து பயன்படாதவிடத்து, முறையாக நீங்கினாரை இகழாமையும், அவர்தம் மக்களை ஏனை மக்களோடு ஒப்ப நடத்துதலும், மறுமணம் வேண்டுவார்க்குத் தடைசெய்யாமையும் சமூகத்தின் கடனாகும். திருமணச் சடங்கு கைவிடப்படுவாரைக் காத்தற்கே தோன்றியது. அக்காப்புச் சடங்கினால் நிறைவேறாதொழியுமிடத்துச் சட்டம் அதனை நிறைவேற்றுமாயின், அஃது அறத்திற்கு மாறாதல் யாங்ஙனம்? இல்லறத்தின் பெருமை, பிரியமுடியாதவாறு இருவரைக் கட்டிவைத்தலால் உண்டாவதன்று. பிரியக் கூடுமாயினும் பிரியாது வாழும் அன்பினால் உண்டாவதாம். அவ்வன்பு எல்லாவில்லங்களிலும் தழைக்க அம்மையப்பனாகிய இறைவன் திருவருள் முன்னிற்பதாக.